பழைய குளிசையை நிறுத்தச் சொன்னது யார்?

வியாபாரப் பக்கத்தில் குளிசைக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள், ஐம்பது தாண்டிய எந்தக் கடைக்காரரிடமாவது அவருடைய மாதச் செலவை விசாரித்துப் பாருங்கள். கடை வாடகை, கரண்ட் பில், பிள்ளைகளின் டியூஷன் காசு என்ற வரிசையில் பாமசிக் கணக்கும் ஏறி உட்கார்ந்திருக்கும். சாமான் எடுக்கும்போது சதக் கணக்குப் பார்க்கும் நாம், இந்தக் கணக்கை மட்டும் பார்ப்பதே இல்லை. நானும் பார்க்காதவன்தான், மாமி விழும் வரை.

மாமிக்கு 76 வயது, கொட்டாஞ்சேனையில் இருக்கிறா. சீனி, பிரஷர், கொலஸ்ட்ரோல் மூன்றும் உண்டு. மாதாமாதம் அரசாங்க கிளினிக்குக்குப் போய், கொப்பியில் எழுதிய மருந்தை இலவசமாக எடுத்து வருவா. பிள்ளைகளுக்கு மனம் கேட்காது அல்லவா, இடையில் வெள்ளவத்தைக்கு அழைத்து வந்து சனலிங்கில் ஒரு விசேட வைத்தியருக்கும் காட்டினோம். அவர் துண்டில் ஒரு கம்பனிப் பெயரை எழுதித் தந்தார். காலி வீதியில் வாங்கினோம். மாமி அதையும் விழுங்கினா, கிளினிக் குளிசையையும் விழுங்கினா. ஒன்பதாம் நாள் ஸுபஹுத் தொழுகைக்கு எழும்பியவ தலைசுற்றி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டா.

வைத்தியசாலையில் இருந்த இளம் டொக்டர், வீட்டிலுள்ள எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொன்னார். ஒரு ஷொப்பிங் பேக் நிறையக் கொண்டுபோய் மேசையில் கொட்டினோம். அவர் இரண்டு கார்ட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பெரிய எழுத்துக்குக் கீழேயிருந்த பொடி எழுத்தைக் காட்டினார். இரண்டிலும் லொசார்ட்டன்! ஒரே மருந்தை இரண்டு பெயரில் இரட்டிப்பாகச் சாப்பிட்டிருக்கிறா.

யாரைக் குறை சொல்வது? விசேட வைத்தியர் கொப்பியைக் கேட்கவில்லை என்பது உண்மை. நாங்களும் காட்டவில்லை. கிளினிக்குக்குப் போவது தெரிந்தால் அவர் கோபிப்பாரோ என்ற ஒரு வெட்கம் நம் ஆட்களிடம் இருக்கிறது. அங்கே போனால் இவரை மறைப்பது, இங்கே வந்தால் அவரை மறைப்பது. இரண்டு சப்ளையரிடம் கடன் வைத்தவன் போல!

புறக்கோட்டையில் ஓடரை மாற்றினால் பழைய பில்லின் மேல் குறுக்கே கோடு போட்டுக் கையெழுத்து வைப்போம். இல்லாவிட்டால் இரண்டு பில்லுக்கும் சாமான் வந்து இறங்கிவிடும். மருந்துத் துண்டில் புதியது எழுதப்படுகிறது, பழையது ரத்து என்று எழுதப்படுவது குறைவு. மாமிக்கு நடந்ததும் இதுதான்.

இந்தப் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்க நம் நாட்டில் ஒரு பெரிய மனிதர் பாடுபட்டார். பேராசிரியர் சேனக்க பிபிலே, டொக்டர் எஸ்.ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானது. அதன் முதல் தலைவரும் பிபிலேதான். ஒசுசல கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்துடையவை. சந்தையில் இருந்த 2,100 வரையான மருந்துப் பெயர்களை 600 அளவுக்குக் குறைத்து, கம்பனிப் பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரில் மொத்தமாக விலை கேட்டு வாங்கும் முறையைக் கொண்டுவந்தார். வியாபாரி என்ற முறையில் சொல்கிறேன், அது கெட்டிக்கார வியாபாரம். 1977இல் கயானாவில் அவர் காலமானார். அவர் வழியில் ஒரு சட்டம் வர 2015 ஆகிவிட்டது. அந்த ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை அமைந்தது. மருந்தின் சொந்தப் பெயரைத் துண்டில் எழுத வேண்டும், விரும்பினால் கம்பனிப் பெயரையும் சேர்க்கலாம் என்பது ஏற்பாடு. 2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச விலையும் வந்தது.

பிறகு 2022 வந்தது. ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். மருந்து விலையை மார்ச்சில் 29 வீதமும், ஏப்ரல் கடைசியில் சில மருந்துகளுக்கு 40 வீதமும் கூட்டினார்கள். அதைவிடத் தட்டுப்பாடு பொல்லாதது. இந்த மாதம் கிடைத்த கம்பனி அடுத்த மாதம் இல்லை. வெள்ளைக் குளிசை மஞ்சளாகும், வட்டம் நீளமாகும். நிறத்தை வைத்து மருந்தை அடையாளம் காணும் வயசாளிகள் என்ன செய்வார்கள்?

காசு விஷயத்துக்கும் வருவோம். புதிய மருந்து எழுதியவுடன் ஒரு மாதத்துக்கு மொத்தமாக வாங்குவதை நான் விட்டுவிட்டேன். பத்து நாளில் ஒத்துவரவில்லை என்று டொக்டர் மாற்றினால் மீதி இருபது நாள் குளிசை செத்த சரக்கு. வெட்டிய கார்ட்டைப் பாமசி திருப்பி எடுக்காது, எடுக்கவும் கூடாது. முதலில் இரண்டு வாரத்துக்கு வாங்கினால் போதும்.

இன்னொன்று. பிரஷருக்கு அம்லோடிபின் எடுக்கும் சிலருக்குக் கணுக்கால் வீங்கும். அது மருந்தால் வந்தது என்று தெரியாமல் வேறொரு டொக்டரிடம் காட்டினால், நீர் போக ஒரு குளிசை சேரலாம். அது உப்புச்சத்தைக் குறைத்தால் அதற்கும் ஒன்று. என் நண்பர் ஒருவருக்கு இப்படி இரண்டு ஏழாகிவிட்டது.

நோன்பு காலம் தனிக் கதை. சீனிக் குளிசைகளில் கிளிக்லசைட் போன்றவை பகல் பட்டினியில் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். அளவையும் நேரத்தையும் ஸஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் ஏற்ப டொக்டர்தான் மாற்றித் தரவேண்டும். தலைப்பிறை கண்ட இரவில் ஓடாமல் சில வாரங்கள் முன்னரே போவது நல்லது. பெருநாளைக்குப் பிறகு பழைய அளவுக்குத் திரும்ப மறப்பவர்களும் நம்மில் நிறைய. நானும் ஒரு வருடம் மறந்தேன்.

மாமிக்கு இப்போது கடையின் பழைய பில் புத்தகம் ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். இடப்பக்கம் எடுப்பது, வலப்பக்கம் நிறுத்தியது. மருந்தின் சொந்தப் பெயர், மில்லிகிராம், திகதி, மாற்றியவர் யார். எங்கே போனாலும் கொப்பியோடு அதுவும் போகும். எழுந்து வரும்முன் "டொக்டர், இதற்காக எதை நிறுத்த வேண்டும்?" என்று கேட்பது என் மனைவியின் பொறுப்பு. தாங்களாக எதையும் நிறுத்துவதில்லை.

போன மாதம் கிளினிக்கில் டொக்டர் அம்மா அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்து, தானே சிவப்புப் பேனையால் இரண்டு வரிகளுக்குக் கோடு போட்டுக் கையெழுத்தும் வைத்தாராம். அரை நிமிட வேலை. மாமி வீட்டுக்கு வந்து குளிசைகளை எண்ணிவிட்டு எனக்குக் கோல் எடுத்தா. "மகன், மிச்சம் பதினெட்டு இருக்கு. திருப்பிக் குடுத்தா காசு தருவாங்களா?"