தைத்ததும் பறித்ததும்: கழுத்தில் புதைந்த அயற்பொருளும் அறுவை மருத்துவமும்

முன்னுரை

கொல்லிமலை வல்வில் ஓரியின் நாடு. யானை, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவி உடும்பின் உடலில் தைத்து நின்ற அவனது அம்பை வன்பரணர் பாடினார் (புறநானூறு 152). தைத்த படைக்கலத்தை மனித உடலிலிருந்து, குறிப்பாகக் கழுத்திலிருந்து, நீக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

பழைய நூல்களின் பார்வை

கைவேலை யானைமேல் எறிந்த வீரன் தன் மெய்யில் தைத்த வேலைப் பறித்து மகிழ்வதாகத் திருக்குறள் (774) காட்டுகிறது. இது மறத்தின் இலக்கணமேயன்றி மருத்துவத்தின் இலக்கணம் அன்று. மருத்துவம் வேறொன்றைக் கூறுகிறது. உடலிற் புகுந்த அயற்பொருளைச் 'சல்லியம்' எனக் குறிக்கும் சுசுருத சங்கிதை, தலையிலுள்ள மூன்று வர்ம இடங்களில் தைத்த பொருள் உள்ளிருக்கும்வரை உயிர் நிற்கும் என்றும், பிடுங்கினால் உயிர் நீங்கும் என்றும் எச்சரிக்கிறது. நெடிய வெள்ளூசியால் புண் தைக்கப்பட்டதைப் பதிற்றுப்பத்து (42) பதிவு செய்துள்ளது.

இன்றைய முறை

கழுத்தின் குறுகிய பரப்பில் பெருந்தமனி, பெருஞ்சிரை, மூச்சுக்குழல், உணவுக்குழல், தண்டுவடம் ஆகியவை நெருங்கி அமைந்துள்ளன. குத்திய பொருளே கிழிந்த குருதிக்குழாயை அடைத்து நிற்கக்கூடும். அதனைப் பிடுங்கினால் அடைப்பு நீங்கிக் குருதி பீறிடும். பீறிடும் குருதி, பெருகும் வீக்கம், காயத்தின்வழி வெளியேறும் காற்று ஆகிய குறிகள் தோன்றினால் உடனடி அறுவை தேவை. நிலை சீராக உள்ளவர்க்குக் குருதிக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஸ்கேன் முதலில் எடுக்கப்படுகிறது. மூச்சுவழியைக் காத்து, காயத்தின் மேலும் கீழும் குருதிக்குழாயைக் கட்டுப்படுத்திய பின்னரே, கண்பார்வையில் பொருள் நீக்கப்படுகிறது. உணவுக்குழல் கிழிசல் கவனிக்கப்படாவிடின் நெஞ்சறையில் சீழ் பிடிக்கும். ஆதலின் அதுவும் ஆராயப்படுகிறது.

மலைப்பாதையும் முதலுதவியும்

கொல்லிமலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஒவ்வொரு வளைவிலும் உடல் குலுங்குமாதலின், பொருளின் இருபுறமும் துணிச்சுருள் வைத்து அசையாதபடி நிறுத்துதல் வேண்டும். மூச்சுவழி நெரியாதிருக்கக் கழுத்தைச் சுற்றிக் கட்டுதல் கூடாது. 'முள்ளை உடனே எடு' என்னும் அன்றாடப் பழக்கம் இங்கு உயிரைப் பறிக்கும்.

முடிவுரை

களத்தில் வேல் பறித்தல் வீரத்தின் அடையாளம். அறுவை அரங்கிற்கு வெளியே அது இறப்பின் வாயில். பறிக்கும் காலத்தையும் இடத்தையும் மருத்துவரிடம் விடுதலே அறிவுடைமை என்பது இதனால் பெறப்படுகிறது.