உடம்பு ஒன்று, கொப்பி மூன்று

திருகோணமலை நகரிலிருந்து சீனன்குடாப் பக்கம் செல்லும் பாதையில் காலை வேளையில் சைக்கிளிலும் பஸ்ஸிலும் விரையும் தொழிலாளரை நாம் காண்கிறோம். துறைமுகத்தில் ஏற்றி இறக்குவோர், மா ஆலையிலும் சீமெந்து ஆலையிலும் முறைமாறி இரவு பகலாக வேலை செய்வோர், காவலாளிகள், லொறிச் சாரதிகள் என்று பலர் இவர்களுள் அடங்குவர். இவர்களுடைய உழைப்பைப் பற்றி நாம் பேசுவதுண்டு. உடல்நலத்தைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஐம்பது வயதான ஒரு மூட்டைத் தொழிலாளியை எண்ணிப் பார்ப்போம். ஏழு வருடமாக அவருக்குச் சீனி வருத்தம். பிறகு பிரசரும் வந்து சேர்ந்தது. இளவயதிலிருந்தே உள்ள தொய்வு, தூசுபட்டால் இழுக்கத் தொடங்கிவிடும். மூன்று வருத்தத்துக்கும் மூன்று கிளினிக், மூன்று கொப்பி. இவை போதாதென்று, முழங்கால் நோவுக்கு யாரிடமும் சொல்லாமல் பாமசியில் குளிசை வாங்கிப் போடுகிறார். இப்படி ஒருவரை அறியாத குடும்பம் எமது கிராமங்களில் அரிது.

ஒன்றை ஒன்று கூட்டும்

ஒரு நோயாளிக்கு இன்னொரு நோயும் இருந்தால் முதல் நோயின் போக்கே மாறிவிடும் என்பதை 1970இல் அமெரிக்க மருத்துவர் அல்வன் ஃபைன்ஸ்டீன் எடுத்துக்காட்டினார். நமது தொழிலாளியின் நிலையும் இதுதான். நீரிழிவும் உயர் குருதியமுக்கமும் சேர்ந்தால் சிறுநீரகம் விரைவில் பழுதடையும். நீரிழிவு உள்ளவருக்குக் காசநோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகம். நீண்டகால நோய் மனச்சோர்வைத் தரும். மனம் சோர்ந்தவர் மருந்தைத் தவறவிடுவார்.

மருந்துகளும் ஒன்றோடொன்று மோதும். தொய்வு கடுமையாகும்போது கொடுக்கப்படும் பிரெட்னிசலோன் குருதியில் சீனியைக் கூட்டும். பிரசருக்கும் இருதயத்துக்கும் கொடுக்கப்படும் புரொப்ரனலோல் போன்ற சில குளிசைகள் தொய்வைத் தூண்டிவிடும். டைக்குளோபினக் போன்ற நோவுக் குளிசைகள் பிரசரைக் கூட்டும். வெயிலில் வியர்த்து, போதிய தண்ணீர் குடிக்காமல் வேலை செய்பவர், பிரசர் குளிசையுடன் இவற்றையும் போட்டால் சிறுநீரகத்துக்குப் பெரும் ஆபத்து.

கணக்கில் வராத மக்கள்

2005–2006இல் இலங்கையில் நடந்த நீரிழிவு ஆய்வில், 20 வயதுக்கு மேற்பட்டோரில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அவர்களுள் மூன்றிலொரு பங்கினருக்குத் தமக்கு அந்த நோய் இருப்பதே தெரிந்திருக்கவில்லை. அந்த ஆய்வு ஏழு மாகாணங்களிலேயே நடந்தது. போர்ச் சூழலில் வடக்கும் கிழக்கும் விடுபட்டன. எமது மக்களின் நோய் அந்தக் கணக்கில் சேரவில்லை.

கூலியா, மருந்தா?

அரச வைத்தியசாலையில் மருந்து இலவசம். ஆனால் அங்கு செலவாகும் நாள் இலவசமல்ல. மாதம் ஒரு முறை, வெவ்வேறு நாட்களில், மூன்று கிளினிக்குக்குப் போனால் வருடத்தில் 36 நாட்கள் போய்விடும். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், இரண்டாம் ஆண்டிலிருந்து சுகவீனத்துக்கும் சொந்த அலுவல்களுக்கும் தரும் சம்பள லீவு வருடத்துக்கு 7 நாட்களே. நாட்கூலிக்காரருக்கு அதுவும் கிடைப்பதில்லை. எனவே அவர் ஒரு கிளினிக்கை விடுகிறார். எதை விடுவது? நோகாத வருத்தத்தை. பிரசர் நோகாது, சீனியும் தொடக்கத்தில் நோகாது. கடைசியில் சிறுநீரகத்தையும் கண்ணையும் கெடுப்பவை இந்த நோகாத வருத்தங்களே. அந்த நிலை வந்தபின் குடும்பம் இழப்பது ஒரு நாள் கூலியை அல்ல, உழைப்பவரையே.

வேலை போய்விடும் என்ற பயத்தில் இரண்டாவது வருத்தத்தை மேற்பார்வையாளரிடம் மறைப்பவர்களும் உண்டு. மறைத்த நோய் உயரத்தில் ஏறும்போது மயக்கமாக வரலாம். இயந்திரத்தருகே கைநடுக்கமாகவும் வரலாம்.

நாம் செய்யக்கூடியவை

1. எல்லா மருந்துகளையும் ஒரே துண்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்போம். பாமசியில் வாங்கியதையும் நாட்டு மருந்தையும் அதில் சேர்ப்போம். எந்த வைத்தியரிடம் போனாலும் அதை முதலில் காட்டுவோம்.

2. ஒரே நாளில் இரண்டு கிளினிக்குகளைப் பார்க்க முடியுமா என்று தாதியிடம் கேட்போம். தொழிற்சங்கமும் கிராமச் சங்கமும் ஒன்றாகக் கேட்டால் அந்தக் கோரிக்கைக்கு வலு கூடும்.

3. வருத்தம் தெரியாதவர்களும் பரிசோதிக்க வேண்டும். 2011 முதல் அரச வைத்தியசாலைகளில் திறக்கப்பட்டுவரும் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் குருதியமுக்கத்தையும் சீனியையும் பணமின்றிப் பார்க்கலாம்.

4. முதலாளிமார் மாதத்தில் ஒரு கிளினிக் நாளையாவது சம்பளத்துடன் தரட்டும். பழகிய கைகளை இழப்பதைவிட அது அவர்களுக்கும் மலிவு.

எந்தக் குளிசையையும் நாமாகக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது. கேட்பது நம் பொறுப்பு. மாற்றுவது வைத்தியரின் பொறுப்பு.

கொப்பிகள் மூன்றாக இருக்கலாம். அவற்றைச் சுமந்து செல்லும் உடம்பு ஒன்றுதான். உங்கள் வீட்டில் உழைப்பவரின் கொப்பிகளை இன்றிரவு ஒருமுறை ஒன்றாக விரித்துப் பார்ப்பீர்களா?