கம்ப்யூட்டர் பெட்டிக்கும் கொல்லைப்புறம் வேண்டும்

டில்லி வெயிலைப் பற்றி நம் உறுப்பினர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மே, ஜூன் மாதங்களில் வெளியே 45 டிகிரியைத் தொடும் நாட்களில், ஏ.சி. இல்லாத அறையும் அடுப்படிபோல்தான் இருக்கிறது. பல வீடுகளில் பிள்ளைகளின் கம்ப்யூட்டர் ஓடுவது அந்த அறையில்தான். எத்தனை விசிறி வைத்தாலும் பெட்டிக்குள் இருக்கும் சூடு அறையின் சூட்டுக்குக் கீழே இறங்காது.

என் மகள் கட்டடக்கலை படிக்கிறாள். வரைபடங்களை முப்பரிமாணப் படங்களாக மாற்ற இரவெல்லாம் கம்ப்யூட்டர் ஓடவேண்டும். சென்ற மே மாதம், கல்லூரியில் ஒப்படைக்க நான்கே நாள் இருக்கும்போது, அது நள்ளிரவில் இரண்டு முறை தானாகவே அணைந்துவிட்டது. கடைக்காரர் பிராசசரையே மாற்றச் சொன்னார். "அப்பா, முதல்ல பக்கத்துத் தகட்டைக் கழற்றிப் பார்ப்போம்" என்றாள் மகள். கழற்றி ஓட்டினோம். நூறை நெருங்கியிருந்த சூடு பதினைந்து டிகிரி இறங்கியது. ஆக, கோளாறு பிராசசரில் இல்லை, கேபினெட்டில். ஒரு ஸ்க்ரூ டிரைவர் இருந்தால் போதும். ஆயிரக்கணக்கில் செலவழிக்கும் முன் நீங்களும் இதைச் செய்து பார்க்கலாம்.

பிராசசர் 95, 100 டிகிரியை எட்டினால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால்தான் அணையும். எங்கள் கேபினெட்டின் முன்புறம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே மூன்று வண்ணவிளக்கு விசிறிகள். காற்று நுழைய ஓரத்தில் விரற்கடை இடுக்குதான்! நேரு பிளேஸ் கடைகளில் இந்த ரகம்தான் கண்ணைப் பறிக்கிறது. வாங்கப் போகிறவர்கள் முன்புறம் ஜல்லடைபோல் துளையிட்டதைக் கேளுங்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஒளி தாராளமாக வந்தால் காற்றும் வரும்.

ஊரில் நம் பழைய வீடுகளில் வாசலில் நுழைந்த காற்று கொல்லை வழியே போகும். பெட்டிக்கும் அதே கணக்குதான். முன்னால் இரண்டு விசிறிகள் காற்றை உள்ளே இழுக்க, பின்னால் ஒன்று வெளியே தள்ள வேண்டும். 120 மில்லிமீட்டர் அளவு போதும், இடமிருந்தால் 140. பெரிய விசிறி மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தரும், இரைச்சலும் குறைவு. மேலே ஒன்று வைப்பதானால் பின்பக்கமாக வையுங்கள். முன்பக்கமாக வைத்தால், உள்ளே வந்த குளிர்ந்த காற்று பிராசசரை எட்டுமுன்பே வெளியேறிவிடும். விசிறியில் மோட்டாரைத் தாங்கும் குறுக்குக் கம்பிகள் தெரிகிற பக்கம்தான் காற்று வெளிவரும் பக்கம். சந்தேகமிருந்தால் ஒரு காகிதத் துண்டைக் காட்டினால் தெரிந்துவிடும்.

உள்ளே வரும் காற்று, வெளியேறுவதைவிடச் சற்று அதிகமாக இருப்பது நல்லது. இல்லாவிட்டால் இடுக்குகளிலெல்லாம் தூசியை இழுக்கும். நம் ஊர் ஆந்திக்கு இது முக்கியம். பெட்டியைச் சுவரோடு ஒட்டியோ, மூடிய மேஜை அறைக்குள்ளோ வைக்காதீர்கள். பின்னால் ஒரு சாண் இடமாவது இருக்கட்டும். கூலரின் ஈரக் காற்று நேரே படும்படியும் வேண்டாம்.

புழுதிக் காற்று அடித்த மறுநாள் முன்புற வடிகட்டியைக் கழற்றிக் கழுவி, நன்றாக உலர்ந்த பின் மாட்டுங்கள். பிளோயரால் ஊதும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தறிகெட்டுச் சுற்றினால் பேரிங் கெட்டுவிடும்.