மூன்று படிகளும் ஒரு கழிப்பறையும்

புதுச்சேரிக் கடலில்

பிரீத்தி சீனிவாசன் எட்டு வயதிலேயே தமிழ்நாடு மகளிர் கிரிக்கெட் அணியில் இடம்பிடித்தவர். நல்ல நீச்சல்காரர். 19 வயதுக்குட்பட்டோருக்கான மாநில அணிக்குத் தலைமை தாங்கியவர். 1998 ஜூலை 11 அன்று, கல்லூரிச் சுற்றுலா முடிந்து திரும்பும் வழியில் புதுச்சேரி அருகே தோழிகளோடு கடலில் இறங்கினார். அலை காலடி மணலை அரிக்க, நிலைதடுமாறியவர் பழக்கத்தில் தண்ணீருக்குள் பாய்ந்தார். அந்தக் கணமே கழுத்துக்குக் கீழே அசைவு நின்றுபோனது. அப்போது அவருக்கு வயது 18.

பின்னாளில் அஞ்சல்வழிப் படிப்பில் சேரப் போனபோது, லிஃப்ட் இல்லை, சாய்தளம் இல்லை, சேர வேண்டாம் என்று சொன்னார்களாம். அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 2013-இல் திருவண்ணாமலையில் 'சோல்ஃப்ரீ' என்ற அமைப்பைத் தொடங்கி, தண்டுவடம் பாதித்தவர்களுக்காக இன்று உழைக்கிறார். அவரைப் பாராட்டி மேடையேற்றுகிறோம். அவரைத் திருப்பி அனுப்பிய அந்தப் படிக்கட்டுகளோ எத்தனையோ பள்ளிகளில் அப்படியே இருக்கின்றன. எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

தூக்குவதற்கு முன்னால்

புதுச்சேரிக்குத் தெற்கே சுமார் 25 கிலோமீட்டரில் கடலூர் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். விடுமுறை நாளில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பாய்ந்து விளையாடும் இடம். சிதம்பரம் பக்கம் கொள்ளிடம் ஆறு இருக்கிறது. கடலூர் மாவட்டம் முழுக்கக் கபடியும் இருக்கிறது. ஆழம் தெரியாத நீரில் தலைகீழாகப் பாயக் கூடாது என்பதை நீச்சல் தெரிந்த பிள்ளைக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். துணிச்சல் அவர்களுக்குத்தான் அதிகம்.

நீரிலோ கபடியிலோ விழுந்தவர் கழுத்தோ முதுகோ வலிக்கிறது, கை கால் மரத்துவிட்டது என்றால் அவரை உட்கார வைக்காதீர்கள், தண்ணீர் புகட்டாதீர்கள். ஆளுக்கொரு கையும் காலுமாகத் தூக்கி பைக்கில் நடுவே உட்கார வைத்துக் கொண்டுபோவதை நம் ஊர்களில் உதவி என்று நினைக்கிறோம். முறிந்த எலும்பு நகர்ந்து, மிச்சமிருக்கும் நரம்பையும் நசுக்கிவிடக்கூடும். ஒருவர் தலையையும் கழுத்தையும் நேர்கோட்டில் அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். நீருக்குள் என்றால் முகம் மேலே இருக்கும்படி மிதக்கவிட்டு, பலகை வந்த பிறகு எல்லோரும் சேர்ந்து ஒரே வீச்சில் கரைக்குக் கொண்டுவர வேண்டும். மூச்சு நின்றிருந்தால் மட்டும் காத்திருக்கக் கூடாது; உயிரைக் காப்பதுதான் முதல் வேலை.

உடம்பு கேட்கும் புதிய கவனிப்பு

தண்டுவடக் காயத்தில் கால் அசையாதது மட்டும்தான் வெளியே தெரியும். தொடு உணர்வு, சிறுநீர், மலம், வியர்வை, இரத்த அழுத்தம் எல்லாமே மாறிப்போயிருக்கும்.

தொடு உணர்வு இல்லாததால், நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இடுப்பெலும்பின் மேலுள்ள சதை நசுங்குவது தெரியாது. படுக்கைப் புண் இப்படித்தான் உட்கார்ந்த நிலையிலும் வருகிறது. 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி உடம்பைத் தூக்கவோ, முன்னால் சாயவோ வேண்டும். கை ஊன்ற முடியாதவரை ஒருவர் சாய்த்துவிட வேண்டும். வகுப்பு நடுவே பிள்ளை இப்படி அசைந்தால் ஆசிரியர் அதட்டக் கூடாது. தினமும் இரவில் வீட்டார் தோலைப் பார்க்க வேண்டும். சிவந்த இடம் அழுத்தம் நீங்கியும் நிறம் மாறவில்லையென்றால் அது புண்ணின் தொடக்கம்.

கழுத்திலும் மேல் முதுகிலும் அடிபட்டவர்களுக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. கடலூர் வெயிலில், தகரக்கூரை வகுப்பில், உடல் சூடு விறுவிறுவென ஏறும். ஈரத்துணி, மின்விசிறி, நிழல் மூன்றும் கட்டாயம்.

இன்னொன்றை எல்லா ஆசிரியரும் தெரிந்துகொள்ள வேண்டும். இப்படிப்பட்ட மாணவர் திடீரென்று தலை வெடிக்கிறது என்று சொல்லி, முகம் சிவந்து, நெற்றி வியர்த்தால் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு எகிறுகிறது என்று பொருள். படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் நிரம்பிய சிறுநீர்ப்பைதான் காரணம். உடனே குறையாவிட்டால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

பள்ளி தயாரா?

தண்டுவடம் பாதித்த பலர் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாய் செலுத்திச் சிறுநீரை வெளியேற்ற வேண்டும். அதற்குக் கதவு வெளிப்பக்கம் திறக்கும், வீல்சேர் நுழையும் அகலமுள்ள, கைப்பிடியும் தண்ணீரும் உள்ள கழிப்பறை ஒன்று போதும். அது இல்லாத பள்ளியில் பிள்ளை என்ன செய்யும்? காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும், பெண் பிள்ளைகள் இன்னும் பிடிவாதமாக. விளைவு, சிறுநீர்த் தொற்று, கல், காய்ச்சல். பிறகு வருகைப்பதிவு குறைவு என்று வீட்டுக்குக் கடிதம் போகும்.

சாய்தளத்துக்கும் கணக்கு உண்டு. ஓர் அடி உயரத்துக்கு 12 அடி நீளம். மூன்று படி என்றால் ஏறக்குறைய ஒன்றரை அடி உயரம், அதற்கு 18 அடி வேண்டும். செங்குத்தாக நான்கு அடியில் சிமெண்ட் பூசி 'ராம்ப் போட்டாச்சு' என்பது பிள்ளையைப் பின்னால் கவிழ்க்கத்தான் உதவும். வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்ற ஒரு ரூபாய் செலவில்லை, எச்.எம். ஒரு மாலையில் செய்துவிடலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவற்றைக் கல்வி நிறுவனத்தின் கடமையாகவே வைத்திருக்கிறது. 'ஸ்பெஷல் ஸ்கூல்ல சேருங்க' என்று டி.சி.யை நீட்டுவது அந்தச் சட்டத்துக்கே எதிரானது.

பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள்

ஆட்டக்காரப் பிள்ளைக்குப் போனது உடல் வலு மட்டும் இல்லை. மாலை நான்கு மணிக்கு யாரோடு இருப்பது என்ற கேள்விக்கு இருந்த பதிலும் போய்விட்டது. அவர்களை லைப்ரரியில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் மைதானத்துக்குப் போவதைக் கருணை என்று நினைக்கிறார்கள். 1948-இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் மருத்துவர் லுட்விக் குட்மன் 16 பேருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். காயம்பட்டு வீல்சேரில் இருந்தவர்கள் அவர்கள். பாராலிம்பிக் அங்கிருந்து வளர்ந்ததுதான். ஐந்து வயதில் பேருந்துச் சக்கரம் ஏறி வலது கால் சிதைந்த சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலுவைப் பள்ளியில் உயரம் தாண்ட வைத்தவர் அவருடைய பி.டி. சார். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார் மாரியப்பன். பதக்கம் எல்லோருக்கும் வராது, வர வேண்டியதும் இல்லை. மருத்துவர் அனுமதித்தபடி எறிதல், போச்சியா என்ற பந்து விளையாட்டு, வீல்சேர் கூடைப்பந்து என்று ஏதோ ஒன்றில் வியர்வையும் தோழமையும் திரும்பக் கிடைத்தால் போதும். முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே பிரிவு இருக்கிறது.

சாப்பாடு இறங்காமல், தூங்காமல், பழைய நண்பர்களைப் பார்க்க மறுத்து வாரக்கணக்கில் இருந்தால் 'சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள். செத்துப்போகலாம் என்று ஒரு சொல் வந்தால் அன்றைக்கே உதவி தேடுங்கள். 104, டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 ஆகியவற்றில் தமிழில் பேசலாம்.

காகித வேலை

ஊனச் சான்றிதழும் யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் முதலில் எடுத்துவிடுங்கள். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் கடலூரில் இருக்கிறது. 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு என்றால் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் ஐந்து சதவீத இடம்; அரசு நிர்வாகத்தில் உள்ள சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் இது பொருந்தும். பொதுத்தேர்வில் சொல்வதை எழுத ஆள், கூடுதலாக ஒரு மணி நேரம் போன்ற சலுகைகளுக்குப் பள்ளி வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வரும் நேரத்தில் ஓடாமல், பள்ளி திறந்த ஜூன் மாதமே எச்.எம்.மிடம் மருத்துவச் சான்றிதழைக் கொடுத்துவிடுங்கள்.