ரத்தம்... தேடும்போது கிடைக்க வேண்டுமா? தேவைக்கு முன்பே கொடுங்கள்!

`அவசரம்! ஓ நெகட்டிவ் ரத்தம் தேவை. உடனே தொடர்புகொள்ளவும்...' இப்படி ஒரு மெசேஜ் வராத வாட்ஸ்அப் குழுவே இருக்காது. பார்த்தவுடன் நான்கு குழுக்களுக்கு அனுப்பிவிடுபவர்கள் ஏராளம். நோயாளி குணமாகி வீடு திரும்பிய பிறகும் அந்த மெசேஜ் மட்டும் மாதக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும்.

அனுப்புபவர்களின் மனசு நல்ல மனசுதான். ஆனால், அதைப் பார்த்து ஓடிவருபவரின் ரத்தத்தை அப்படியே நோயாளிக்கு ஏற்றிவிட முடியாது. முதலில் ரத்த வகையை உறுதிசெய்ய வேண்டும். ஹெச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகிய ஐந்துக்கும் பரிசோதனை முடிய வேண்டும். பிறகு, நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் பல மணி நேரம் ஆகும்.

பிரசவத்துக்குப் பிறகு கட்டுக்கடங்காத ரத்தப்போக்கில் இருக்கும் ஒரு பெண்ணுக்கு அவ்வளவு நேரம் இருக்காது. விபத்தில் சிக்கியவருக்கும் அப்படித்தான். அவர்களைக் காப்பாற்றுவது, யாரோ ஒருவர் முன்பே கொடுத்து, பரிசோதனைகள் முடிந்து, குளிர்பெட்டியில் தயாராக இருக்கும் ரத்தம்தான்.

ஒரு பை... மூன்று ஆயுள்!

அப்படியானால் நிறைய சேமித்து வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். ரத்தத்துக்கும் காலாவதி தேதி உண்டு.

ஒருவர் கொடுக்கும் ரத்தத்தை சிவப்பணுக்கள், தட்டணுக்கள், பிளாஸ்மா என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள். சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸில் வைத்தால், சேர்க்கப்படும் பாதுகாப்புக் கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள்கள் தாங்கும். உறையவைத்த பிளாஸ்மா ஓராண்டு வரை இருக்கும். தட்டணுக்களின் ஆயுளோ வெறும் ஐந்து நாள்கள்தான். அதையும் குளிரில் வைக்கக் கூடாது. அறை வெப்பநிலையில், மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்கும் இயந்திரத்தில் வைக்க வேண்டும்.

புற்றுநோய்க்கு கீமோதெரபி எடுப்பவர்களுக்குத் தட்டணுக்கள் அடிக்கடி தேவைப்படும். தலசீமியா உள்ள குழந்தைகளுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டும். இவர்களின் தேவைக்கு லீவு கிடையாது. கொடுப்பவர்களுக்கு உண்டு. கல்லூரி முகாம்களை நம்பியிருக்கும் ரத்த வங்கிகள், தேர்வும் கோடை விடுமுறையும் வந்தால் திண்டாடுகின்றன. ஒரு தலைவரின் பிறந்தநாளில் நூற்றுக்கணக்கானோர் வரிசையில் நின்று கொடுத்தாலும், அடுத்த மாதம் அதே அலமாரி காலியாகத்தான் இருக்கும். ஒரே நாளில் குவிவதைவிட, வாரந்தோறும் சிலர் வருவதுதான் ரத்த வங்கிக்கு வேண்டும்.

பாதுகாப்பு எங்கே தொடங்குகிறது?

ரத்தத்தைக் காசுக்கு விற்ற காலமும் இங்கே இருந்தது. வறுமையிலும் போதைப் பழக்கத்திலும் சிக்கியவர்கள் நோயை மறைத்து, அடிக்கடி வந்து ரத்தம் கொடுத்துப் பணம் வாங்கிச் சென்றார்கள். இந்தியாவின் முதல் ஹெச்.ஐ.வி பாதிப்பு 1986-ல் சென்னையில் கண்டறியப்பட்ட பிறகுதான் இதன் ஆபத்து முழுதாக உறைத்தது. ரத்தத்தை விற்பதற்கு முற்றுப்புள்ளி வைக்கச் சொல்லி 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

பிறகு பரவலானது, `ரத்தம் வேண்டுமா? பதிலுக்கு ஒருவரை அழைத்து வாருங்கள்' என்ற முறை. பார்க்க நியாயமாகத் தெரியும். ஆனால், வெளியூரிலிருந்து வந்து ஆஸ்பத்திரி வராண்டாவில் தனியாக நிற்கும் மனிதர் யாரை அழைத்து வருவார்? `சொந்தக்காரர்' என்ற பெயரில் காசுக்குக் கொடுப்பவர் உள்ளே வர இதுவே வழியாகிவிடுகிறது. உண்மையான உறவினரும், `இப்போது மறுத்தால் என்ன நினைப்பார்கள்' என்ற கூச்சத்தில் தன் உடல்நிலையை மறைக்கக்கூடும்.

யாருடைய நெருக்கடியும் இல்லாமல் தானாக வருபவருக்கு எதையும் மறைக்க வேண்டிய அவசியம் இல்லை. பாதுகாப்பான ரத்தம் பரிசோதனைக் கூடத்தில் அல்ல, அவர் நிரப்பும் கேள்வித்தாளில் தொடங்குகிறது. ஏனென்றால், தொற்று ஏற்பட்ட ஆரம்ப நாள்களில் கிருமியை எந்தப் பரிசோதனையாலும் கண்டுபிடிக்க முடியாது. `நாட்' என்ற நவீன பரிசோதனை இந்த இடைவெளியைக் குறைக்கிறது, முழுதாக நீக்குவதில்லை. எல்லா ரத்த வங்கிகளிலும் அந்த வசதியும் இல்லை. ஆகவே, `நமக்கு ஏதாவது தொற்று இருக்கிறதா என்று இலவசமாகத் தெரிந்துகொள்ளலாம்' என்று ரத்தம் கொடுக்கச் செல்வது பெரும் தவறு. பரிசோதனை செய்ய அரசு மருத்துவமனைகளில் தனி மையங்கள் இருக்கின்றன.

கண்காணிப்பு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதை 2018 டிசம்பரில் தமிழகம் பார்த்தது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு அரசு மருத்துவமனையில் ஏற்றப்பட்ட ரத்தத்தால் ஹெச்.ஐ.வி தொற்று ஏற்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞர், வெளிநாட்டு வேலைக்காகப் பரிசோதனை செய்தபோதுதான் தனக்குத் தொற்று இருப்பதை அறிந்தார். உடனே தானே முன்வந்து தகவல் சொன்னார். அதற்குள் ரத்தம் ஏற்றப்பட்டுவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நேர்ந்ததை எந்த நடவடிக்கையாலும் திருப்பிவிட முடியாது. பரிசோதிப்பவர்களின் கவனமும், கொடுப்பவரின் நேர்மையும் ஒவ்வொரு பைக்கும் தேவை.

சொந்த ரத்தம்தான் நல்லதா?

`அப்பா ரத்தத்தையே பிள்ளைக்கு ஏற்றிவிடுங்கள்' என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால், நெருங்கிய ரத்த உறவினரின் வெள்ளணுக்கள் நோயாளியின் உடலுக்குள் தங்கி, அந்த உடலையே தாக்கும் ஆபத்து அரிதாக உண்டு. இதைத் தடுக்க அந்த ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திய பிறகே ஏற்றுவார்கள். முன்பின் தெரியாத ஒருவர் கொடுத்துப் பரிசோதனை முடிந்த ரத்தமே பெரும்பாலும் பாதுகாப்பானது.

யார் கொடுக்கலாம்?

18 முதல் 65 வயது வரை உள்ள, 45 கிலோவுக்குக் குறையாத, ஆரோக்கியமானவர்கள் கொடுக்கலாம். ஹீமோகுளோபின் குறைந்தது 12.5 கிராம் இருக்க வேண்டும். ஆண்கள் 90 நாள்களுக்கு ஒருமுறை, பெண்கள் 120 நாள்களுக்கு ஒருமுறை கொடுக்கலாம். எடுக்கப்படுவது 350 அல்லது 450 மி.லி. மட்டுமே. இழந்த திரவம் ஓரிரு நாள்களில் ஈடாகிவிடும். சிவப்பணுக்கள் சில வாரங்களில் ஊறிவிடும். வெறும் வயிற்றில் போகக் கூடாது. கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், கடந்த ஓராண்டுக்குள் டாட்டூ குத்திக்கொண்டவர்கள் தவிர்க்க வேண்டும்.

ஆசையோடு முகாமுக்கு வரும் பெண்களில் பலர் ஹீமோகுளோபின் குறைவால் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. கொடுக்க முடியாமல் போவது மட்டுமல்ல, பிரசவத்தில் ரத்தம் அதிகம் தேவைப்படப்போவதும் அவர்களுக்கே. வளரும் பெண்ணின் தட்டில் கீரையும் பயறும் முட்டையும் இருக்கிறதா, பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை அவள் சாப்பிடுகிறாளா என்று கவனிப்பதும் ஒருவகையில் ரத்ததானம்தான்.

அருகிலுள்ள ரத்த வங்கிகளில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்பதை மத்திய அரசின் `இ-ரக்த்கோஷ்' தளத்தில் செல்போனிலேயே பார்க்கலாம். உங்கள் வகை குறைவாக இருந்தால், யாரும் கூப்பிடும்வரை காத்திருக்க வேண்டாம். திருமண நாள், பிறந்தநாள் என்று வருடத்தில் இரண்டு தேதிகளைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அதில் ஒன்று கோடை விடுமுறையில் வந்தால் இன்னும் நல்லது.