கரையேறினால்தான் கப்பல் பிழைக்கும்

உடுப்பிட்டிச் சந்தியிலிருந்து வடக்கே சைக்கிள் மிதித்தால் சிறிது நேரத்தில் வல்வெட்டித்துறைக் கடல் தெரியும். அந்தக் கரையில் வேப்பமரத்தால் கட்டப்பட்ட 89 அடி நீளமான ‘அன்னபூரணி’ என்ற கப்பல், 1938 ஆகஸ்ட் 1ஆம் திகதி அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தில் நங்கூரமிட்டது. அதை வாங்கியவர் வில்லியம் அல்பேர்ட் றொபின்சன். ‘ஸ்வாப்’ என்ற 32 அடிப் பாய்ப்படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றி வந்தவர் அவர். கப்பலுக்குத் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். சூயஸ், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் என்று அதைச் செலுத்திப் போனவர்களில் நம்மூர் மாலுமிகளும் இருந்தார்கள். பின்னர் றொபின்சன் மசச்சூசெற்ஸில் சொந்தமாகவே ஒரு படகு கட்டும் தளத்தை நடத்தினார்.

பயணத்தை எல்லோரும் பேசுகிறோம். மரக்கப்பல் ஒன்றைக் கெடாமல் வைத்திருக்கும் கைவேலையைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

மரக்கப்பலுக்குப் புயலைவிடப் பெரிய எதிரி கப்பற்புழு. பெயர்தான் புழு, உண்மையில் அது சிப்பி இனம். குஞ்சாக இருக்கும்போது குண்டூசி முனையளவு துளையிட்டு மரத்துக்குள் புகுந்து, உள்ளேயே வளர்ந்து, பலகையை நீளவாக்கில் குடைந்துகொண்டே போகும். வெளியே பார்த்தால் பலகை முழுசாகத்தான் இருக்கும். அனுபவமுள்ள ஓடாவி (கப்பல் தச்சர்) சுத்தியலால் தட்டிக் காது கொடுப்பார். நல்ல பலகை கணீரென்று ஒலிக்கும். குடைந்த பலகை மந்தமாக ஒலிக்கும். கப்பலை ஓரிரு நாள் கரையில் வைத்தால் இந்தப் புழு சாகாது. துளை வாயை மூடிக்கொண்டு வாரக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அதனால் நன்றாகக் காயவிட வேண்டும்.

அடுத்தது கலப்பத்து. பலகைகளின் இடுக்கில் இருக்கும் பழைய பஞ்சைச் சுரண்டி எடுத்து, எண்ணெயில் தோய்த்த புதுப் பஞ்சை உளியால் அடித்து இறுக்கி, மேலே குங்கிலியமும் எண்ணெயும் சேர்ந்த கலவையைப் பூசுவார்கள். பஞ்சு இளக்கமாக இருந்தால் நீர் கசியும். அளவுக்கு மீறி அடித்துவிட்டால் மரம் ஊறிப் பருக்கும்போது பலகையே பெயர்ந்துவிடும். அந்த அளவு அடிப்பவரின் கையில்தான் இருக்கிறது.

இன்று நம் கரைகளில் நிற்பவை பெரும்பாலும் பைபர் படகுகள். புழு அவற்றைத் தொடாது. ஆனாலும் கடல்நீர் மேற்பூச்சினூடே மெதுவாக ஊடுருவிக் கொப்புளம் கட்டும். அதைக் குத்தினால் வினாகிரி மணம் வரும். மேற்பூச்சைச் சீவியெடுத்து, மாதக்கணக்கில் உலர்த்தி, எபொக்சி பூசுவதே வைத்தியம். வெளிநாட்டு உல்லாசப் படகுத்துறைகளில் பெரிய சக்கர எந்திரம் ஒன்று படகின் அடியில் பட்டி கொடுத்துத் தூக்கித் தாங்கியில் இறக்கும். அடிப்பாகத்தைக் கழுவி, பாசியும் கொட்டலசும் ஒட்டாதிருக்கச் செம்பு சேர்ந்த பூச்சை அடிப்பார்கள். செம்பின் இந்தக் குணம் புதிய கண்டுபிடிப்பல்ல. பிரித்தானியக் கடற்படை 1761இலேயே ‘அலாம்’ என்ற கப்பலுக்குச் செப்புத் தகடு போர்த்திப் பார்த்தது. புழு விலகியது, ஆனால் செம்பை ஒட்டியிருந்த இரும்பாணிகள் அரித்துப் போயின. இரு உலோகங்கள் உப்புநீரில் சேர்ந்தால் அப்படித்தான் நடக்கும். 1824இல் ஹம்ப்ரி டேவி இதே இயல்பைக் கொண்டு செப்புத் தகடு அரிபடாமல் காக்க வழி சொன்னார். காக்க வேண்டிய உலோகத்தோடு துத்தநாகம் போன்ற ஒன்றை இணைத்துவிட்டால், அது தான் அரிபட்டு மற்றதைக் காக்கும். இன்றைய வெளியிணைப்பு எஞ்சினிலும் அப்படியொரு கட்டி இருக்கிறது. அதன்மேல் பெயின்ற் அடித்துவிடாதீர்கள். அடித்தால் அது வேலை செய்யாது.

இந்த வேலைகளுக்கெல்லாம் படகை நிறுத்த இடம் வேண்டும். தாய்லாந்திலிருந்து செங்கடல் நோக்கிப் போகும் பாய்ப்படகுகள் காலியில் தங்குவதுண்டு. கொச்சி போல்காட்டியில் 2010இல் ஒரு படகுத்துறை திறக்கப்பட்டது. நம் யாழ்ப்பாண மாவட்டத்தில் நோர்வே உதவியோடு தொடங்கிய சீ-நோர் நிறுவனத்தின் காரைநகர்ப் படகுத்தளம் இருக்கிறது. வல்வெட்டித்துறை இருக்கும் வடமராட்சியின் வடகரையோ வாடைக்காற்றை நேரே வாங்கும் திறந்த கரை. படகுகளைப் பத்திரமாக ஏற்றி வைத்துப் பழுதுபார்க்கும் தளம் அதற்குத்தான் மிக அவசியம். உல்லாசப் படகுகள் வருவது அதற்குப் பிறகு.

அந்தத் தளம் அமையும்வரை காத்திருக்காமல் செய்யக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. உங்கள் வீட்டுப் பரணில் கலப்பத்து உளியோ, கப்பல் கணக்குக் கொப்பியோ, ஓடாவி வரைந்த அளவுத்தாளோ கிடந்தால் எறியாதீர்கள். படம் எடுத்து, யாருடையது, எந்தக் காலத்தது என்று எழுதி, ஊர் நூலகத்தில் சேர்த்துவிடுங்கள்.