டைனோசர் புத்தகங்களில் இடம்பெறாத சிரோன்சாவும் கல்லமேடும்

மும்பை: மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளின் பழைய புத்தகக் கடைகள், தாராவி, சயான், செம்பூர் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு நெடுங்காலமாகப் பழக்கமானவை. ஜூன் மாதம் பள்ளிகள் திறக்கும் வேளையில் பாடநூல் தேடி வரும் பெற்றோருடன் பிள்ளைகளும் வருவதுண்டு. அவ்வாறு வரும் சிறுவர்களின் கை, டைனோசர் படம் அச்சிட்ட அட்டையை நோக்கி நீளுவதில் வியப்பில்லை. மைக்கேல் கிரைட்டனின் நாவலைத் தழுவி ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1993-ல் எடுத்த "ஜுராசிக் பார்க்" திரைப்படம் மறு ஆண்டே ஹிந்தி பேசி வந்து வெற்றி பெற்ற பிறகு, இந்த ஆர்வம் ஒரு தலைமுறைக்குப் பின் அடுத்த தலைமுறை எனத் தொடர்ந்து வருகிறது.

ஆனால், இப்புத்தகங்களில் பெரும்பாலானவை அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எழுதப்பட்டவை. மொன்டானாவின் பாறைகளும் கோபி பாலைவனமும் அவற்றில் தவறாமல் இடம்பெறுகின்றன. மகாராஷ்டிர மாநிலத்தின் சிரோன்சாவோ, தமிழகத்தில் அரியலூரை அடுத்த கல்லமேடோ அப்பக்கங்களில் தென்படுவது அரிது. பிறந்த மாநிலம் ஒன்று, பூர்வீக மாநிலம் ஒன்று என வாழும் மும்பைத் தமிழ்ச் சிறுவனுக்கு, இரண்டு மண்ணிலும் டைனோசர் எலும்பு கிடைத்திருக்கிறது என்பதைச் சொல்லும் நூல் எளிதில் கிடைப்பதில்லை.

பெயருக்கு முன்பே எலும்பு

இத்தனைக்கும் இந்தியா இத்துறையில் பின்தங்கி வந்த நாடன்று. தக்கர்களை ஒடுக்கியதற்காக வரலாற்றில் அறியப்படும் வில்லியம் ஹென்றி ஸ்லீமன், 1828-ம் ஆண்டிலேயே ஜபல்பூரில் உள்ள பாரா சிம்லா குன்றில் கல்லாகிப் போன எலும்புகளைக் கண்டெடுத்தார். அவர் தேடிச் சென்றது கல்மரத் துண்டுகளை. "டைனோசர்" என்ற சொல்லை பிரிட்டிஷ் அறிஞர் ரிச்சர்ட் ஓவன் உருவாக்கியது 1842-ல்தான். அதாவது, அச்சொல் பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே இந்திய எலும்புகள் மனிதர் கைக்கு வந்துவிட்டன. 1877-ல் ரிச்சர்ட் லைடெக்கர் அவற்றுக்கு "டைட்டானோசாரஸ் இண்டிகஸ்" என்று பெயர் சூட்டினார்.

அதன் பின்னர் நடந்ததுதான் வேதனைக்குரியது. அந்த எலும்புகள் எங்கே உள்ளன என்பதே தெரியாமல் போயிற்று. பல பத்தாண்டுகள் காணாமல் போனதாகவே அவை கருதப்பட்டன. 2012-ம் ஆண்டு, கொல்கத்தாவில் உள்ள இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சேகரிப்பைத் துழாவிய தனஞ்செய் மொகபே உள்ளிட்டோர், ஸ்லீமன் எடுத்த எலும்புகளில் ஒன்றை மீண்டும் கண்டெடுத்தனர். நாட்டின் முதல் டைனோசர் இரண்டாவது முறையாகக் கண்டுபிடிக்கப்பட்டது, அரசு அலமாரி ஒன்றில்!

தாகூரின் பெயர் தாங்கிய விலங்கு

மகாராஷ்டிரத்தின் கதை இன்னும் சுவையானது. புள்ளியியல் மேதை பி.சி. மகலனோபிஸ், கொல்கத்தாவில் தாம் நிறுவிய இந்தியப் புள்ளியியல் கழகத்தில் புவியியல் பிரிவு ஒன்றையும் தொடங்கினார். எண்களோடு உறவாடும் நிறுவனத்துக்கு எலும்போடு என்ன வேலை என்று கேட்கலாம். எலும்புகளையும் அளந்து ஒப்பிட வேண்டும் என்பது அவரது எண்ணம். அவரது அழைப்பின் பேரில் லண்டனிலிருந்து வந்த பமீலா ராபின்சன் அப்பிரிவுக்கு வழிகாட்டினார். பிராணஹிதா, கோதாவரி ஆறுகளின் படுகையில், இன்றைய கட்சிரோலி மாவட்டத்தின் சிரோன்சா பகுதியில், 1950களின் இறுதியிலும் 1960களின் தொடக்கத்திலும் இக்குழுவினர் நடத்திய அகழ்வில் சுமார் 300 எலும்புகள் கிடைத்தன. ஒரே விலங்கின் எலும்புகள் அல்ல. பல விலங்குகளுடையவை அங்கே கலந்து கிடந்தன.

தொடை எலும்பு மட்டுமே 1.7 மீட்டர் நீளம் இருந்ததால், வங்காளியில் "பெரிய கால்" என்று பொருள்படும் "பராபா" என்ற சொல் பெயரின் முன்பாதியாயிற்று. 1961 ரவீந்திரநாத் தாகூரின் நூற்றாண்டு ஆதலால் பின்பாதி அவருக்கு உரியதாயிற்று. "பராபாசாரஸ் தாகூரி" என்ற இப்பெயரை 1975-ல் சோஹன் லால் ஜெயின், டி.எஸ். குட்டி, தபன் ராய் சௌத்ரி, சங்கர் சாட்டர்ஜி ஆகியோர் முறைப்படி வெளியிட்டனர். கவிஞர் ஒருவரின் பெயரைத் தாங்கிய டைனோசர் என்பதொன்றே சிறுவர் நூலுக்குப் போதுமான செய்தி.

இதே மாநிலத்தின் சந்திரபூர் மாவட்டம் டோங்கர்காவில் 1980களில் தோண்டி எடுக்கப்பட்ட மற்றொரு தாவர உண்ணி, 2003-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கத்தைக் கொண்டு "ஐசிசாரஸ்" என்று பெயர் மாற்றம் பெற்றது. குஜராத்தின் ரையோலியில் கிடைத்த எலும்புகளைக் கொண்டு, தலையில் கொம்பு போன்ற புடைப்புடைய ஊனுண்ணி "ராஜாசாரஸ்" அறிவிக்கப்பட்டதும் அதே 2003-ல்தான்.

மழையில் கரைந்த எலும்பு

அரியலூர் என்றதும் மூத்த தலைமுறைக்கு 1956-ம் ஆண்டு ரயில் விபத்தும், லால் பகதூர் சாஸ்திரியின் ராஜிநாமாவும் நினைவுக்கு வரும். அடுத்த தலைமுறைக்கு சிமென்ட் ஆலைகள். அந்த ஆலைகளுக்கு உயிர்நாடியான சுண்ணாம்புக்கல், கடல் பரவியிருந்த காலத்தில் படிந்தது. நத்தை, சிப்பி, கடல் முள்ளெலி ஆகியவற்றின் புதைபடிவங்கள் அங்கு மிகுதியாகக் கிடைப்பதற்கு அதுவே காரணம்.

அந்தக் கடலோர மண்ணில், இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பி. யாதகிரி, கே. அய்யாசாமி ஆகிய இருவரும் இரண்டு முறை உலகின் கவனத்தை ஈர்த்தனர். 1979-ல் அவர்கள் அறிவித்த "திராவிடோசாரஸ்", முதுகில் தகடுகள் கொண்ட டைனோசரா அல்லது கடல்வாழ் ஊர்வனவா என்ற சர்ச்சை பின்னாளில் எழுந்தது. 1980களின் இறுதியில் கல்லமேட்டிலிருந்து அவர்கள் அறிவித்த "பிருகத்காயோசாரஸ்" அதைவிடப் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. பெருத்த உடல் கொண்டது என்பது இதன் வடமொழிப் பொருள். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர் என்று குறிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஊனுண்ணி எனக் கருதப்பட்ட இது, பின்னர் நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி வகையில் சேர்க்கப்பட்டது. அளவுகள் சரியானவை எனில், நிலத்தில் நடந்த விலங்குகளிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று இதுவாக இருக்கும். எடையில் நீலத் திமிங்கிலத்துடன் ஒப்பிடும் மதிப்பீடுகளும் உண்டு.

அளந்து பார்க்கத்தான் எலும்பு இல்லை. ஈரம் ஏறிய, எளிதில் உதிரும் மண்ணில் கிடந்த அவை பாதுகாக்கப்படாமல் பொடிந்து போயின. எஞ்சியவை சில வரைபடங்களும் புகைப்படங்களும்தான். அதுவரை வெளிவராதிருந்த புகைப்படங்கள் சிலவற்றை 2022-ல் சௌரவ் பால் என்ற ஆய்வாளருடன் இணைந்து அய்யாசாமி வெளியிட்டார். எலும்பா, கல்மரமா என்று ஐயுற்றவர்களுக்கு அது ஓரளவு பதிலாயிற்று. எலும்பே அழிந்துவிட்ட நிலையில் எழுத்தும் படமும்தான் சான்று என்பதால், இத்தகைய கண்டுபிடிப்புகளைச் சொல்லும் நூல்களின் தேவை மற்ற நாடுகளைவிட இங்கு அதிகம்.

ஆங்கிலத்தில் சில

இந்திய டைனோசர்களைப் பொது வாசகருக்கு அறிமுகம் செய்யும் நூல்கள் இல்லாமலில்லை. சண்டீகர் பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் அசோக் சாஹ்னி எழுதிய "டைனோசர்ஸ் ஆப் இந்தியா" நூலை, புது தில்லியில் உள்ள மத்திய அரசின் நேஷனல் புக் டிரஸ்ட் 2001-ல் வெளியிட்டது. தாவரத் தொல்லுயிரியல் அறிஞர் பீர்பால் சாஹ்னியின் சகோதரர் மகனான இவர், ராஜாசாரஸை அறிவித்த குழுவிலும் ஒருவர். களத்தில் இறங்கியவரே எழுதியது என்பதே அந்நூலின் பலம். 2016-ல் பிரணய் லால் எழுதி வெளிவந்த "இண்டிகா", இந்தியத் துணைக்கண்டம் உருவான கதையினூடே இவ்விலங்குகளையும் பேசியது. பெரியவர்களுக்கான அந்நூலை உயர்நிலைப் பள்ளி மாணவரும் படிக்கலாம். மும்பையைச் சேர்ந்த வைஷாலி ஷ்ராப், பத்மா என்ற சிறுமியையும் நீல நிற டைனோசர் ஒன்றையும் வைத்து எழுதிய கதைநூல் 2018-ல் வெளியாயிற்று. இந்திய டைனோசர்களைச் சிறுவருக்குக் கதையாகச் சொன்ன வகையில் அது குறிப்பிடத்தக்க முயற்சி.

மூன்றும் ஆங்கில நூல்கள். மும்பை மாநகராட்சிப் பள்ளிகள் எட்டு மொழிகளில் கல்வி அளிக்கின்றன. தமிழும் அவற்றில் ஒன்று. தாராவியின் தமிழ்வழி மாணவன், மராத்தியும் ஹிந்தியும் தெருவில் கற்றுக்கொண்டு, ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பவன். அவன் இந்நூல்களின் படங்களைப் பார்க்கலாம். கதை அவனுக்கு எட்டுவது கடினம். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் நடத்திவரும் "துளிர்" போன்ற இதழ்கள் அறிவியலை எளிய தமிழில் சொல்ல முடியும் என்பதை நிரூபித்துள்ளன. தேவை, துணிந்து அச்சிடும் பதிப்பகமும் நல்ல ஓவியரும்தான்.

நடைபாதையில் வாங்குவோர் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. டைனோசர் நூல்கள் விரைவில் பழசாகிவிடுகின்றன. 1923-ல் மங்கோலியாவில் ராய் சாப்மன் ஆண்ட்ரூஸ் குழுவினர் கண்ட முட்டைகளின் அருகே கிடந்த விலங்குக்கு, பிறர் முட்டையைத் திருட வந்தது எனக் கருதி "ஓவிராப்டர்", அதாவது முட்டைத் திருடன் என்று பெயரிட்டனர். அந்த வகை முட்டைக்குள் இருந்தது அதே இனத்தின் கரு என்பது 1990களில்தான் தெரிந்தது. தன் முட்டையை அடைகாத்த தாய், எழுபது ஆண்டுகள் திருட்டுப் பழி சுமந்தது! சீனாவில் இறகுத் தடயத்துடன் டைனோசர் கிடைத்தது 1996-ல். அதற்கு முன் அச்சான நூல்களில் எல்லா டைனோசர்களும் பல்லியைப் போலவே வழுக்கைத் தோலுடன் காணப்படும். விலையைப் பார்க்கும் முன் அச்சான ஆண்டைப் பார்ப்பது நலம்.

மும்பையின் பாறைகள் எரிமலைக் குழம்பால் ஆனவை என்பதால் இந்நகரம் டைனோசர் எலும்புக்குப் பெயர் பெற்றதன்று. எனினும், குழம்பு அடுக்குகளுக்கு இடையே படிந்த சேற்றில் சிறிய தவளைகளின் புதைபடிவங்கள் வர்லியில் கிடைத்தன. 1847-ல் அவற்றை ஆராய்ந்து பெயரிட்டவர், டைனோசர் என்ற சொல்லைத் தந்த அதே ஓவன்.

சிரோன்சாவின் பராபாசாரஸ், சுமார் 14 மீட்டர் நீள எலும்புக்கூடாகக் கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழக அருங்காட்சியகத்தில் நிற்கிறது. ரையோலியில் டைனோசர் அருங்காட்சியகம் 2019-ல் திறக்கப்பட்டது. கொல்கத்தாவுக்குச் செல்லும் சிறுவர்கள் ஒன்றை அறிந்துகொள்வது நல்லது: சிரோன்சா அகழ்வில் அவ்விலங்கின் பற்கள் சில கிடைத்தன, மண்டையோடு கிடைக்கவில்லை.